கண்ணாடி ஓரத்தில் தங்கும் மழை

கண்டியில் இடைப்பருவ மழை பிடித்துக்கொண்ட பிற்பகல்களில், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பாதைகளில் பாடசாலைப் பிள்ளைகளோடு ஊர்ந்துபோகும் பழைய வான்கள் பலவற்றில் டேஷ்போர்டின் விளிம்பில் ஒரு பழந்துணி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். முன் கண்ணாடி ஓரத்தால் ஒழுகும் தண்ணீருக்கு அதுவே முதல் வைத்தியம். அடுத்தது, ஹாட்வெயார் கடையில் வாங்கும் சிலிக்கன் குழாய். ஒழுகும் இடத்தைச் சுற்றி அப்பிவிட்டால் ஒரு மழைக்காலம் தாண்டிவிடும். ஆனால் நோயை முற்றச் செய்வது இந்த இரண்டாவது வைத்தியம்தான். தண்ணீர் உள்ளே போவதைவிட, போன தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்குவதே பெரிய கேடு. பூச்சு அந்த வழியைத்தான் அடைக்கிறது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாட்டின் நிலைமை அதைப் பெரிதாக்கியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரிச்சுமையால் புதிய வான் ஒன்று பாடசாலைச் சேவை நடத்துபவரின் கைக்கு எட்டுவதாயில்லை. 1989இல் அறிமுகமாகி, நம்மவர்கள் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹைஏஸும் அதன் வயதொத்தவைகளும் இன்னும் பல ஆண்டுகள் ஓடியாகவேண்டும். இயந்திரம் கெட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கலாம். கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பு உக்கினால் வெட்டி, புதுத் தகடு வைத்து, ஒட்டுவேலைதான் செய்யவேண்டும். அந்த விளிம்பு ஒரு மில்லிமீற்றர் தடிப்பைக்கூட எட்டாத இரும்புத் தகடு.

வேகமாக ஓடும்போது காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது முழு உண்மையல்ல. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம், எட்டு மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குக்கூட வராது. கண்டி நகர நெரிசலில் அந்த வேகமே அரிது. மறுபக்கம், இரு பக்கமும் தண்ணீர் ஒட்டக்கூடிய பரப்புகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், நுண்துளை ஈர்ப்பு தண்ணீரை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் உயரம்வரை இழுத்து நிறுத்தும். விளக்குத்திரி எண்ணெயை இழுக்கும் அதே விசை. கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் புதிதாக இருந்தால் அதில் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாய் உருளும். அழுக்கேறி வெடித்த ரப்பரும் துருப்பிடித்த தகடும் திரியைப்போல நடந்துகொள்ளும். இழுத்த தண்ணீர் அங்கேயே நிற்கும். இடுக்கின் உள்வாய் வெளிவாயைவிடத் தாழ்வாக இருந்தால் சொட்டத் தொடங்கும். மேட்டுப் பாதையோரத்தில் முகம் மேல்நோக்க நிறுத்திவைத்த வான், ஓடாமலே நனைவது இதனால்தான்.

இடுக்கில் நிற்கும் தண்ணீர் வெறுமனே நிற்பதில்லை. 1920களில் கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் இரும்பின் மீது ஓர் உப்புநீர்த் துளியை வைத்து ஆராய்ந்தார். காற்று எளிதில் எட்டும் துளியின் ஓரத்தைவிட, எட்டாத நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்தது. பிராணவாயு மிகுந்த இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் நடுவே ஒரு சிறு மின்கலம் உருவாகி, குறைந்த இடம் தின்னப்படுகிறது. கண்ணாடி ரப்பரின் அடிமடிப்பு அப்படிக் காற்று எட்டாத இடம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அது வீங்கிப் பெயின்டைத் தூக்கும், ரப்பரைத் தூக்கும், இடுக்கை அகலமாக்கும். அடுத்த மழையில் இன்னும் தண்ணீர். தண்ணீர் வடிந்து சேரும் கீழ் இரு மூலைகளிலும் துரு முதலில் முகம் காட்டுவது தற்செயல் அல்ல.

இப்போது சிலிக்கனை நினைத்துப் பாருங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வகை காயும்போது வினாகிரி வாடை அடிக்கும். அது அசற்றிக் அமிலம், இரும்புக்கு ஆகாதது. அழுக்கும் ஈரமுமான ஓரத்தில் அது முழுதாக ஒட்டுவதுமில்லை. மேலே தோல்போல மூடிநிற்க, அடியில் தண்ணீர் வேறொரு பக்கத்தால் நுழைந்து, முன்பு வடிந்த வழியும் இல்லாமல் தேங்குகிறது. போதாக்குறைக்கு, சிலிக்கன் பூசிய பரப்பில் பிறகு பெயின்டோ கண்ணாடி ஒட்டும் பொலியூரத்தேன் பசையோ பிடிக்காது. மலைநாட்டு ஓட்டுவீடுகளைக் கவனித்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஓட்டுக்கு ஓடு யாரும் பசை பூசுவதில்லை. சரிவும் மேலோடு கீழோட்டை மூடும் அடுக்குமே மழையைத் தள்ளிவிடுகின்றன. உள்ளே போன கொஞ்சமும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. பீடிங் எனப்படும் கண்ணாடி ரப்பரும் அதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

எனவே முதல் வேலை கண்டுபிடிப்பது. மழையில்லாத நாளில் காலடிக் கம்பளம் நனைந்திருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். வைப்பருக்குக் கீழே காற்று உள்ளிழுக்கும் அறையில் இலைகள் தேங்கினாலும் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் வழியும். அந்தக் குற்றத்தையும் கண்ணாடி தலையில் கட்டுவது வழக்கம். மேல் ஓரத்தால் நுழைந்த நீர் உட்தகட்டின் வழியே ஓடி ஒரு முழம் தள்ளிச் சொட்டும் என்பதால், ஒழுகும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருக்க, மற்றவர் குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கீழ் ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோகவேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓரமும் ஒரேயடியாக நனைந்து எதுவும் தெரியாமல் போகும். வெளிக்காற்றை இழுக்கும்படி புளோவரை முழு வேகத்தில் விட்டு, கதவுகளை மூடி, வெளியோரத்தில் சவர்க்கார நீர் தடவினாலும் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும்.

ஓரந்தான் குற்றவாளி என்று உறுதியானால் கண்ணாடியைக் கழற்றுவதைத் தவிர வேறு நேர்வழி இல்லை. துருவைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டவேண்டும். குழிகளுக்குள் எஞ்சியதற்கு டனிக் அமிலம் கலந்த துருமாற்றி உதவும். சாயத் தண்ணீர் பட்ட இரும்புக் கத்தி கறுப்பது எந்த வேதியியலோ அதே வேதியியல்தான் இங்கும் துருவைக் கருநீலப் படலமாக்குகிறது. தேயிலை மண்ணில் இதை விளக்குவது எளிது. அதற்காகத் தேநீரை ஊற்றிவிட்டால் போதாது. பிறகு இரு பகுதி எப்பொக்சி பிறைமர், அதன்மேல் பெயின்ட். துருவின் மீது நேரே பட்டி பூசி மட்டம் பண்ணும் பழக்கத்தை விட்டேயாகவேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பீடிங் புதிதாக இருக்கவேண்டும். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடையில் வேர்விட்ட நாடு இது. ஆனாலும் இயற்கை ரப்பரின் மூலக்கூறுகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டி வெடிக்கச் செய்யும் என்பதால், இந்த வேலைக்கு ஈபிடிஎம் எனும் செயற்கை ரப்பரே ஏற்றது. பொருத்தும்போது சவர்க்கார நீர் போதும். கிறீஸ் தடவினால் அந்த ரப்பர் ஊதிக் கெடும்.

கழற்றினால் கண்ணாடி உடையாதா என்பது நியாயமான பயம். உடைவது பெரும்பாலும் பழைய ரப்பரைக் காப்பாற்ற நெம்புவதால். ரப்பரைக் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டால் கண்ணாடி வலிந்து வளைய வேண்டியதில்லை. பீடிங் இல்லாமல் பசையால் ஒட்டிய கண்ணாடியானால் அதற்குரிய கம்பி கொண்டு அறுக்கத் தெரிந்தவரிடம் போவதே நல்லது. அந்த வகையில் கண்ணாடி உடற்கூட்டின் பலத்திலும் பங்கு கொள்கிறது. ஈரமான ஊரில் பசை காயுமா என்றும் கேட்பார்கள். பொலியூரத்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. உலர்ந்திருக்கவேண்டியது ஒட்டும் பரப்பு மட்டும்.

பாடசாலை வான் நான்கைந்து நாள் கராஜில் நின்றால் வருமானம் போகும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஃபியூஸ் பெட்டியும் வயர்க்கட்டுகளும் இருக்கின்றன. மழையிரவில் கடுகண்ணாவை இறக்கத்தில் வைப்பரோ முன்விளக்கோ நின்றுபோனால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரார் பிள்ளைகள். விடுமுறை வரும்வரை தள்ளிப்போடத்தான் வேண்டுமென்றால், காய்ந்து இறுகாத பியூட்டைல் பசையை மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் மட்டும் வைக்கலாம். பிறகு சுரண்டி எடுக்கவும் முடியும். கீழ் ஓரத்தையும் இரு மூலைகளையும் திறந்தே விடவேண்டும்.