அடித்த காசும் அதன் நம்பிக்கையும்

சிங்கப்பூர்க் கானிங் கோட்டைக் குன்றில் 1984-இல் தொடங்கிய அகழாய்வுகளிலும், பின்னர் ஆற்றோரத்தில் நடந்தவற்றிலும் சீனச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. சதுரத் துளையுடைய இக்காசுகளை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றனர். அது நம் ‘காசு’ என்னும் சொல்லே; போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலம் புகுந்தது. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் ‘கேஷ்’ பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. இரண்டையும் ஒன்றாக்கி மாணவர்க்குச் சொல்லிவிடுகிறோம். பிரித்துச் சொல்லுதல் நன்று.

பெயர் நம்முடையதாயினும் செய்ம்முறை வேறு. சீனர் செம்பை உருக்கி வார்த்தனர். சோழர் காசுகளோ அடிக்கப்பட்டவை. கீழச்சின்மேல் எடையிட்ட வில்லையை வைத்து, அதன்மேல் மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். இருபுறமும் உருவம் பதியும். கை சற்றே விலகினால் எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். காசடிக்கும் இடம் அக்கசாலை எனப்பட்டது. கொற்கைக்கு அருகே அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. ‘அச்சு’ என்பதே கல்வெட்டுக்களில் காசொன்றின் பெயராகவும் வருகிறது.

முதலாம் இராசராசன் (985–1014) காசில் ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ளன. அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். செம்பில் இவை ஏராளம். வெள்ளியில் குறைவு. இராசேந்திரன் வெள்ளிக்காசில் புலியும் கயலும் வில்லும் கூடி நிற்க, ‘கங்கைகொண்ட சோழ’ என்ற பட்டம் காணப்படும். 1070-இல் சோழர் ஆட்சியை அகற்றிய விசயபாகுவும் பின்வந்த ஈழ மன்னரும் இராசராசன் காசின் உருவத்தை மாற்றவில்லை; பெயரை மட்டும் மாற்றினர். பகைவன் காசாயினும் மக்கள் கைக்குப் பழகிவிட்டதன்றோ!

இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னியும் இதே காலத்தில் இவ்வாறே அடிக்கப்பட்டது. அங்கே அரசன் பெயரோடு காசடிப்போன் பெயரும் ஊர்ப்பெயரும் பொறித்தனர். குறை நேர்ந்தால் குற்றவாளி இன்னானென்று காசே காட்டிக்கொடுக்கும். 1124-ஆம் ஆண்டு கிறிஸ்துமசின்போது முதலாம் என்றி, காசடிப்போரை வின்செஸ்டர் நகருக்கு வரவழைத்து, வலக்கையைத் துணிக்கச் செய்தான். எனினும் மக்கள் விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடினர். ஆகவே 1247-இல் சிலுவைக் குறியை விளிம்புவரை நீட்டினர். நுனி குறைந்தால் காசு வெட்டுப்பட்டது தெரிந்துவிடும். அச்சிலுவைக் கோட்டின்வழியே காசை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிச் சில்லறையாக்குவதும் வழக்கம். 1279-இல் முதலாம் எட்வர்டு வட்டமான கால்பென்னியும், 1280-இல் அரைப்பென்னியும் அடிப்பித்தான்.

சோழர் காசில் அடித்தவன் பெயர் இல்லை. காரணம் என்ன? தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்தனர். ஆவணங்கள் ‘அன்றாடு நற்காசு’ என வற்புறுத்தும். அங்கே பெயரில் வைத்த நம்பிக்கையை இங்கே துலாக்கோலிலும் உரைகல்லிலும் வைத்தனர் என்பது என் கருத்து.

‘ஈழக்காசு’ என்னும் பெயர் இராசராசன் ஈழம் வெல்லுமுன்பே, முதற் பராந்தகன் காலத்திலேயே கல்வெட்டில் வந்துவிடுகிறது. எனவே நிற்கும் மனிதன் ஈழத்திலிருந்து சோணாடு வந்தானா, சோணாட்டிலிருந்து ஈழம் போனானா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எழுத்துப் பாதி போன காசையும் இதனால் எறிந்துவிடலாகாது. ஒன்றில் இல்லாத எழுத்து மற்றொன்றில் இருக்கும். பத்துக் காசுகளை அருகருகே வைத்தே ஒரு பெயரை முழுதாகப் படிக்கிறோம்.