அலைகள் அழைக்கும் அறுகம்பே



உலகின் பல திசைகளிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் பெயர் சொல்லித் தேடி வரும் ஊர் ஒன்று, நம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் மண்ணில் இருக்கிறது. இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வூரின் பெயர் அறுகம்பே. அப்பகுதி மக்கள் அதனை உல்லை என்றும் வழங்குவர். விடுமுறைக்கு இலங்கை செல்ல எண்ணுவோர், கொழும்பையும் கண்டியையும் கண்டதோடு திரும்பிவிடாமல் இவ்வூரையும் காண வேண்டும்.

எங்கே இருக்கிறது?

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், அம்பாறை மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது பொத்துவில் நகரம். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் களப்பின் மீதுள்ள பாலத்தைக் கடந்தால் அறுகம்பே வந்துவிடும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகச் சாலையில் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். மட்டக்களப்பிலிருந்து கடற்கரைச் சாலையில் வந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நம்மவர் ஊர்களையெல்லாம் கண்டவாறு வரும் இந்தப் பாதையே சிறந்தது. வழிநெடுகப் பள்ளிவாசல்களும் வயல்களும் கண்ணுக்கு விருந்தளிக்கும்.

அலையின் இரகசியம்

கடற்கரை எங்கும் உண்டு. அலையும் எங்கும் உண்டு. பின் ஏன் இந்த ஊருக்கு மட்டும் இத்தனை புகழ்?

தெற்கே, பெருங்கடலின் நெடுந்தொலைவில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இக்கரையை அடைகின்றன. இங்கே நிலம் கடலுக்குள் முனையாக நீண்டிருக்கிறது. அலை அம்முனையைச் சுற்றி வளையும்போது ஆழம் குறைந்த அடித்தளத்தில் மோதுகிறது. அதனால் அது ஒரே நேரத்தில் முழுவதுமாக உடைவதில்லை. முனையில் தொடங்கி, குடாவின் உட்புறம் நோக்கிச் சிறிது சிறிதாக உடைந்து செல்கிறது. உடையாத பகுதியின் சரிவில் பலகையை நிறுத்தி, வீரர்கள் நெடுந்தூரம் சறுக்கிச் செல்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று இக்கரைக்குத் தரைக்காற்றாக வருவதால் அலையின் முகம் கலையாமல் வழவழப்பாக நிற்கிறது. எனவே மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இங்கு அலைச்சறுக்கிற்கு உகந்த காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஊர் ஓய்ந்துவிடும்.

1970களிலேயே வெளிநாட்டு வீரர்கள் சிலர் இவ்வூரைக் கண்டுகொண்டனர். உள்நாட்டுப் போர் அவர்களின் வருகையைக் குறைத்தது. 2009இல் போர் முடிந்தபின் விடுதிகளும் உணவகங்களும் பலகைக் கடைகளும் சாலையின் இருமருங்கும் பெருகின. இன்று பருவ காலத்தில் விடியற்காலையிலேயே பலகையும் கையுமாய்ப் பல நாட்டு மக்கள் கடலை நோக்கி நடப்பதைக் காணலாம். இரவில் கொத்து ரொட்டிக் கடைகளின் தாளம் தெரு முழுவதும் ஒலிக்கும்.

கரை யாருக்குச் சொந்தம்?

ஆயினும் இவ்வூரின் கதை கேளிக்கையின் கதை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. இலங்கையில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. பொத்துவிலையும் அறுகம்பேயையும் இணைத்த பாலமும் சிதைந்தது. அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது.

பாலத்தைக் கட்டுவது எளிதாயிற்று. கரையைப் பங்கிடுவதே கடினமாயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாதென அரசு விதித்தது. விடுதிகளுக்கு வழிவிடவே தங்களை அகற்றுகிறார்களோ என மீனவர்கள் அஞ்சினர். எதிர்த்துக் குரலும் கொடுத்தனர். கனடா நாட்டு எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இந்த ஊரின் போராட்டத்தை விரிவாக எழுதினார். அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

கேள்வியோ இன்னும் உயிரோடு இருக்கிறது. கிழக்குக் கரை மீனவர்க்குக் கடல் வாய்ப்பாக அமைவதும் இதே தென்மேற்குப் பருவத்தில்தான். படகு இழுக்க, வலை உலர்த்த, மீன் பிரிக்க அவர்களுக்கு வேண்டிய மணலையே, அதே மாதங்களில் நாற்காலியும் குடையும் கேட்கின்றன. பயணிகளின் பணம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் உண்மை. கடலோடியின் வாழ்வு கரை இல்லாமல் நடவாது என்பதும் உண்மை.

ஊரின் பெண்களும் இம்மாற்றத்திற்குப் புறம்பானவர் அல்லர். 2018இல் இங்கே பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. இலங்கையின் முதல் பெண்கள் கழகம் இதுவே. எளிய குடும்பங்களின் தாய்மாரும் அதில் உண்டு. தொடக்கத்தில் எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆயினும் உறவுகளைப் பலிகொண்ட கடலுக்கு அஞ்சி நின்றவர்கள், அதில் நீந்தக் கற்றது சிறிய செய்தியன்று.

சுற்றிலும் காண்பவை

அலையேறத் தெரியாதவர்க்கும் இங்கே குறைவில்லை. பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்கள் படகு ஓட்டி, கண்டல் காடுகளையும் பறவைகளையும் காட்டுவர். தெற்கே பாணமை வழியாகச் சென்றால் குமண தேசியப் பூங்கா. யானைகளும் நீர்ப்பறவைகளும் அங்கே மிகுதி. அவ்வழியில்தான் கதிர்காம யாத்திரிகர் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயில் உள்ளது. பொத்துவில் கரையில் முகுது மகா விகாரை என்னும் பழம்பெரும் பௌத்தத் தலத்தின் எச்சங்கள் உள்ளன. பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் ஒரே கரையில் நிற்கும் காட்சி சிந்திக்கத் தக்கது.

செல்வோர் கவனத்திற்கு

ஹலால் உணவு எளிதில் கிடைக்கும். தொழுவதற்கும் பள்ளிவாசல்கள் உண்டு. பிள்ளைகளை முனைப் பக்கம் இறக்காதீர்கள். பாறையும் நீரோட்டமும் அங்கே ஆபத்தானவை. குடாவின் உட்புறத்தில், உள்ளூராரைக் கேட்ட பின்னரே குளிக்க விடுங்கள். மணலில் கிடக்கும் வலையை மிதிக்காதீர்கள். அனுமதியின்றி எவரையும் படம் பிடிக்காதீர்கள். கடற்கரை உடையோடு ஊருக்குள் உலவாதீர்கள். உள்ளூரார் நடத்தும் விடுதியில் தங்குங்கள். உள்ளூர்ப் படகில் ஏறுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மண்ணிலேயே தங்கட்டும்.

விருந்தினரை உபசரிப்பது நம் மரபு என்று பெருமை பேசுகிறோம். விருந்தினராய்ச் செல்லும்போது பேண வேண்டிய ஒழுக்கமும் அந்த மரபின் மறுபாதி அல்லவா? அலை யாருக்கும் சொந்தமன்று. ஆனால் கரையில் ஒரு சமூகம் வாழ்கிறது. அதனை மனத்தில் கொண்டு அறுகம்பே சென்று வாருங்கள்!