அட்டையில் வந்த சாளக்கிராமம்

என் பையனுக்கு வயது ஒன்பது. போக்கிமான் அட்டை சேர்க்கிற பைத்தியம். கணக்கில் மார்க் குறைந்த கோபத்தில் அத்தனையையும் பழைய பேப்பரோடு போட எடுத்தேன்.

"இதையாவது விட்டுடும்மா!" என்று அழுதபடி ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டான். ஓமனைட்டாம், நீல உடம்பு, சுருள் ஓடு.

எங்கேயோ பார்த்த சுருளாயிற்றே? மாமியார் தந்த சாளக்கிராமத்தில் தெரிகிற சக்கரம்!

"ரெண்டுமே அம்மோனைட்தாம்மா. டைனோசரோட சேர்ந்து 6.6 கோடி வருஷம் முன்னாடி அழிஞ்ச கடல் பிராணி. நேபாளத்துக் கண்டகி ஆத்துல கல்லாக் கிடைக்குது. நம்ம அரியலூர்லயும் இருக்கு. லைப்ரரி புக்ல படிச்சேன்."

வாயடைத்துப் போனேன். 1996-ல் ஜப்பானில் தொடங்கிய இந்த அட்டைகளில் பாறைகளைக் கோத்த பாம்பு ஆனிக்ஸ். கை முளைத்த பாறை ஜியோட்யூட். ஒவ்வொன்றாகக் காட்டினான். கணக்கில் தூங்குகிற பிள்ளைக்குக் கல்லின் வயது மனப்பாடம்!

இப்போது வீட்டுப்பாடம் முடிந்ததும் அரைமணி அட்டை. புதுப் பாக்கெட் மாதம் ஒன்றுதான். கோடி வருஷக் கணக்கை வைத்தே பூஜ்யம் போடப் பழக்குகிறேன்.

சகோதரிகளே, பிள்ளைகளின் 'குப்பை'யை எறியுமுன், "இது என்னடா கண்ணா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை; அவன் அழுததால் பிழைத்தது.