கோடைக்காகக் கட்டிய வீடுகள்: மார்கேட்டில் குடியேறும் முன் தெரிய வேண்டியவை

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மார்கேட் வந்துவிடும். கென்ட் கவுன்டியின் வடகிழக்கு முனையில் இருக்கும் இந்த ஊரில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மணற்பரப்பு. நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தாலும் இங்கே கரை வடக்கும் மேற்குமாகத் திரும்பியிருப்பதால், கோடை மாலைகளில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்கலாம். சிறுவயதில் இங்கே பள்ளியில் படித்த ஓவியர் டர்னர், பெரியவரான பின்னும் இந்த வானத்தைத் தேடித் திரும்பத் திரும்ப வந்தார்.

லண்டனில் ஒரு சின்ன ஃபிளாட்டை விற்றால் இங்கே ஒரு முழு வீட்டையே வாங்கலாம் என்ற கணக்கோடு பல ஆண்டுகளாகக் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் கடலைப் பார்த்த வீடு ஏன் அத்தனை மலிவாகக் கிடைத்தது என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் இங்கே குடியேறக் கூடாது என்பது என் கருத்து.

பதில் வீடுகளிலேயே இருக்கிறது. ஊரின் கிழக்குப் பகுதியான கிளிஃப்டன்வில்லில் ஏதாவது ஒரு தெருவில் நின்று பாருங்கள். நாலைந்து படி ஏறினால் வாசல், படிக்குக் கீழே ஒரு நிலவறைத் தளம், மேலே மூன்று நான்கு மாடி. கதவோரம் ஐந்தாறு அழைப்பு மணிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதிந்திருக்கும். சிலவற்றின் பெயர்ச்சீட்டில் வெயில் பட்டு எழுத்தே போயிருக்கும். ஒன்றிரண்டில் பொத்தான் கழன்று ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் குடும்பமும் தனக்காக இத்தனை அறைகள் கட்டிக்கொள்ளாது. இவற்றில் பெரும்பாலானவை வாரக் கணக்கில் தங்கும் விருந்தினர்களை வைத்துப் பிழைத்த வீடுகள்.

கடலில் குளிப்பது நோய் தீர்க்கும் என்று 18ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் சொன்னபோது முதலில் பலன் பெற்ற ஊர்களில் மார்கேட்டும் ஒன்று. பெண்கள் மறைவாகக் கடலில் இறங்க உதவும் கூடாரம் வைத்த குளியல் வண்டியை இங்கேதான் பெஞ்சமின் பீல் என்பவர் உருவாக்கினார். காசநோய் வகைகளால் வாடிய ஏழைகளுக்கான கடற்குளியல் மருத்துவமனை 1791இல் நிறுவப்பட்டது. 1815 முதல் தேம்ஸ் வழியாக நீராவிப் படகுகளும், 1846 முதல் ரயிலும் லண்டன் மக்களைக் கொண்டுவந்து இறக்கின. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் தொழிலாளர்களுக்கும் கடற்கரையைத் திறந்துவிட்டது. 1938இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்ததும் கோடையில் கூட்டம் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்தை நம்பி விதவைகளும் கணவன் மனைவியருமாக எத்தனையோ பேர் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்கள்.

1960, 70களில் விமானத்தில் ஸ்பெயின் போவது மலிவானதும் அந்த வரவு நின்றது. பிறகு நடந்ததுதான் இன்றைய மார்கேட்டைத் தீர்மானித்தது. ஆள் வராத விடுதியை முழுசாக வாங்கவும் யாரும் இல்லை, பராமரிக்கவும் பணம் இல்லை. அறைகளைத் தடுத்துத் தடுத்து, மூலையில் ஒரு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, ஒற்றையறை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். வாடகையை அரசு உதவித்தொகை கட்டும் என்பதால் சொந்தக்காரருக்கு நிச்சயமான வருமானம். வேலை இழந்தவர்கள், மனநோயோடு தனித்து வாழ்பவர்கள், லண்டன் நகராட்சிகள் தங்கள் எல்லைக்குள் இடம் கொடுக்க முடியாமல் வெளியே அனுப்பிய குடும்பங்கள் எல்லாரும் இந்த அறைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். 2011இல், மார்கேட் அடங்கிய தானெட் மாவட்டத்தின் நிர்வாகம், இப்பகுதியில் வீட்டை வாடகைக்கு விட உரிமம் கட்டாயம் என்று விதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இது மார்கேட்டின் கதை மட்டுமில்லை. 2019ஆம் ஆண்டின் வறுமைக் குறியீட்டில் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதி எஸெக்ஸ் கடற்கரையின் ஜேவிக். கடைசிப் பத்தில் எட்டு இடங்கள் பிளாக்பூல் என்ற ஒரே கடலோர ஊருக்குள். கடலோர மக்களின் உடல்நலம் பற்றி தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் ஓர் அறிக்கையே வெளியிட்டார். கடலோரப் பகுதிகளில் நோயாளி எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சிறப்பு மருத்துவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு என்று அது சொல்கிறது. காரணங்களில் ஒன்றை விளக்கப் புவியியலே போதும். உள்நாட்டு மருத்துவமனைக்கு நாலாபுறமும் ஊர்கள். கரையோர மருத்துவமனைக்குப் பாதி வட்டம் கடல். ஆளும் நிலமிருக்கும் மறு பாதியிலிருந்துதான் வர வேண்டும், சாலையும் அங்கேயிருந்துதான்.

மார்கேட்டில் மாற்றம் 2009 டிசம்பரில் அதிவேக ரயில் சேவையோடு தொடங்கியது. 2011 ஏப்ரலில், டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்த டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம், கடலோரத்தில் டர்னர் தங்கிய வீடு இருந்த இடத்திலேயே திறக்கப்பட்டது. 1920இல் தொடங்கி, பிறகு மூடிக்கிடந்த டிரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்கா 2015இல் மீண்டும் திறந்தது. 2019இல் டர்னர் பரிசு என்ற கலை விருதின் விழா இங்கே நடந்தது. இந்த ஊரில் வளர்ந்த ஓவியர் ட்ரேசி எமின் திரும்பி வந்து இளம் கலைஞர்களுக்கான பணியிடங்களை அமைத்தார். பழைய நகரத்தில் பூட்டிக்கிடந்த கடைகளில் இன்று காபியும் பழம்பொருட்களும் விற்பனையாகின்றன. வந்து குடியேறியவர்களை உள்ளூரில் 'டிஎஃப்எல்' என்பார்கள், லண்டனிலிருந்து இறங்கியவர் என்று பொருள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் அதே வீடுகளை மறுபடி பாருங்கள். தடுப்புகளை இடித்து ஒரே குடும்பத்துக்கான வீடாகவோ, ஏர்பிஎன்பியில் வார இறுதிக்கு விடும் வீடாகவோ மாற்றும்போது அந்த ஐந்தாறு அழைப்பு மணிக்காரர்களும் வெளியேறித்தான் ஆக வேண்டும். உள்ளூர்க்காரர் உழைத்துக் கட்டும் வாடகையைவிட விருந்தினருக்கு விட்டால் சொந்தக்காரருக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. வீட்டைப் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். வடகிழக்குக் காற்று எலும்புவரை ஏறும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பல கடைகள் வாரத்தில் பாதி நாள் மூடியிருக்கும். உப்புக் காற்றில் பால்கனிக் கம்பியும் ஜன்னல் கீலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். விக்டோரியா காலச் சுவர்களில் ஈரம் ஏறியிருக்கும், நிலவறைத் தளத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு கட்டட ஆய்வாளரை வைத்து முழு ஆய்வு செய்துகொள்ளுங்கள். பிரித்து விற்ற ஃபிளாட் என்றால் குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு மிச்சம், கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூரையில் ஹெரிங் கல் என்ற கடற்பறவை கூடு கட்டிவிட்டால், 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்தக் கூட்டைத் தொடக்கூடாது. குஞ்சு பறக்கும்வரை விடியற்காலையில் அதன் கத்தலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது பள்ளிக்கூடம் பற்றியாகத்தான் இருக்கும். கென்ட்டில் இன்றும் கிராமர் பள்ளிகள் உண்டு. ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில், செப்டம்பரிலேயே, அவற்றில் சேர்வதற்கான கென்ட் தேர்வு நடந்துவிடும். எனவே பிள்ளைக்கு பத்து வயதாகும்போது வீடு மாறுபவர்கள் தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஹெச்எஸ் பல் மருத்துவர் கிடைப்பது கடலோரங்களில் கடினம், வீடு தேடும்போதே விசாரித்துவிடுங்கள். தினமும் லண்டனுக்குப் போய்வருவதென்றால் சீசன் டிக்கெட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்ட் ஆகும். வீட்டுக்கடனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

கடலும் நினைத்தபோதெல்லாம் இறங்கும்படி இருக்காது. சட்டவிரோதமாகக் கழிவுநீரைக் கடலில் விட்டதற்காக இப்பகுதியின் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 2021இல் நீதிமன்றம் 9 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது. கனமழைக்குப் பிறகு நீரின் நிலையைச் செயலியில் பார்த்துவிட்டே உள்ளூர்க்காரர்கள் கடலில் இறங்குகிறார்கள். மழையற்ற நாளில் வால்போல் பே குளம் ஓர் அருமையான இடம். 1937இல் கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பிக் கட்டிய நாலு ஏக்கர் குளம் அது. ஓதம் ஏறும்போது சுவர் மூழ்கிப் புதுத் தண்ணீர் நிரம்பும், இறங்கியதும் அமைதியான குளமாக நிற்கும். குளிர்காலத்திலும் அதில் நீந்தும் கூட்டத்தில்தான் புதிதாக வந்தவர்களும் பழையவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகுகிறார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டம் சிறிது கைகொடுத்திருக்கிறது. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. வீட்டை விற்கப்போகிறேன் என்பது செல்லுபடியாகும் காரணம்தான், ஆனால் குடியிருப்பின் முதல் ஓராண்டுக்குள் அதைக் காட்டி வெளியேற்ற முடியாது, நாலு மாத அவகாசமும் தர வேண்டும். இரண்டாவது வீடாக வைத்திருப்பவர்களிடம் நகராட்சி வரியை இரட்டிப்பாக வாங்கும் அதிகாரமும் 2025 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகளுக்கு உண்டு. காலி வீட்டை வாங்குவதா, ஆள் இருக்கும் வீட்டை வாங்குவதா, வருடம் முழுக்க அங்கேயே வாழப்போகிறோமா என்பவை விற்பனை முகவரிடம் போகும் முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்.