ஆறு கிலோ கேஸ் ஷீட்

செய்தியாளர் வேலையை விட்டுவிட்டு உடல்நலம், பண்பாடு என்று தனியாக எழுதக் கிளம்புகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ‘சுதந்திரம்’ என்பார்கள். எனக்கென்னவோ அவர்கள் தேடுவது அவகாசத்தைத்தான் என்று படுகிறது. ஆன் ஃபேடிமன் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

ஃபேடிமன் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். முதியவர்களின் தற்கொலை குறித்த அவருடைய கட்டுரை 1987-ல் அந்த இதழுக்கு நேஷனல் மேகஸின் விருதை வாங்கித் தந்தது. அடுத்த வருஷம் ‘நியூயார்க்கர்’ இதழுக்காக ஒரு கட்டுரை எழுத, கலிஃபோர்னியாவின் மெர்சட் நகருக்குப் போனார். அங்குள்ள மருத்துவமனையில் இருந்த கல்லூரி நண்பர் ஒருவர், டாக்டர்களுக்கும் ஹ்மாங் நோயாளிகளுக்கும் ஒத்தே போகவில்லை என்று சொல்லியிருந்தார்.

ஹ்மாங் மக்கள் லாவோஸ் மலைகளைச் சேர்ந்தவர்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க உளவுத்துறை சிஐஏ ரகசியமாகத் திரட்டிய படையில் சண்டை போட்டவர்கள். 1975-ல் லாவோஸ் கம்யூனிஸ்டுகள் வசமானதும் தாய்லாந்து அகதி முகாம்களுக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்கள் பலர்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தில் 1982-ல் பிறந்தவள் லியா லீ. மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே வலிப்பு வந்தது. ஆவி பிடித்துக்கொண்டது என்பது பெற்றோரின் கணக்கு. முதல் இரண்டு முறை அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போனபோது வலிப்பு நின்றுவிட்டிருந்தது. நடந்ததைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லை. நெஞ்சுச்சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை வலிப்போடே வந்து சேர்ந்ததால்தான் நோய் தெரிந்தது. நாலரை வயதுக்குள் 17 முறை உள்நோயாளி. மருந்துச் சீட்டு 23 தடவை மாறியது. பெற்றோருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று பயந்து சிலதைக் குறைத்தார்கள், சிலதை நிறுத்தினார்கள். டாக்டர்கள் புகார் செய்ய, குழந்தையைப் பல மாதம் வளர்ப்புக் குடும்பத்தில் விட்டது அரசு. திரும்பி வந்த பின், 1986 நவம்பரில் ஒரு பெரும் வலிப்பு. லியாவுக்கு அதன்பின் நினைவு திரும்பவேயில்லை.

டெஸ்க்கில் இந்த விஷயத்துக்கு இரண்டு தலைப்புகள்தான் கிடைக்கும். ஒன்று பெற்றோரின் அறியாமை, இன்னொன்று டாக்டர்களின் அலட்சியம். இரண்டுமே பொய் என்பது ஃபேடிமனுக்குப் போய் உட்கார்ந்தபிறகுதான் தெரிகிறது. சரியான மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை ஹ்மாங் வீடுகளில் அவருக்குப் பேச்சே நகரவில்லை. லியாவின் கேஸ் ஷீட் ஐந்து தொகுதி. நிறுத்துப் பார்த்தால் ஆறு கிலோவுக்கு மேல். சிகிச்சை தந்த டாக்டர்களோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்தார். விட்ட இடங்களை அந்த டாக்டர்களும் மறைக்கவில்லை. இறுதியில் ஃபிரெஸ்னோ நகரின் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடமிருந்து வேறொரு விளக்கம் கிடைத்தது: லியாவின் மூளையை அழித்தது ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றாக இருக்கலாம், அதை எதிர்க்கும் சக்தியைக் குறைத்தது ஒரு வலிப்பு மருந்தாகவே இருக்கலாம். பெற்றோர் தவறாமல் கொடுத்துவந்த மருந்து அது!

இதற்குள் ‘நியூயார்க்கர்’ ஆசிரியர் ராபர்ட் காட்லீப் போய், 1992-ல் டினா பிரவுன் வந்துவிட்டார். கட்டுரை அச்சேறவில்லை. ஆசிரியர் மாறினால் மேசையில் கிடக்கும் கட்டுரைகள் குப்பைக்குப் போவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். சம்பளம் வாங்குகிறவர் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஃபேடிமன் அதையே புத்தகமாக வளர்த்தார். அது வெளிவந்தது 1997-ல். நேஷனல் புக் கிரிட்டிக்ஸ் சர்க்கிள் விருதும் வந்தது. பத்திரிகை போட்டிருந்தால் ஒரு நல்ல கட்டுரையோடு போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி உண்டு. பிரெஞ்சு வகுப்பில் ஐந்து நிமிஷம் பேசச் சொல்கிறார்கள். ஹ்மாங் மாணவர் ஒருவர் மீன் சூப் வைப்பது எப்படி என்று தொடங்குகிறார். சூப்புக்கு மீன் வேண்டும், மீனுக்குத் தூண்டில் வேண்டும், எந்த மீன் என்று தெரியாமல் எந்த முள்ளைக் கட்டுவது என்று போய், பேச்சு முடிய முக்கால் மணி நேரம். ஃபேடிமனும் அப்படித்தான் எழுதுகிறார்: லியாவுக்கு ஒரு அத்தியாயம் என்றால் அடுத்தது போர், பலி, பிரசவம், அகதி முகாம். வார்த்தை எண்ணிக் கேட்கும் எந்த ஆசிரியரும் முதல் வெட்டை இங்கேதான் போட்டிருப்பார்.

குறையில்லாத புத்தகம் என்று சொல்ல மாட்டேன். பழைய ஹ்மாங் வரலாற்றைச் சொன்ன விதத்தை ஹ்மாங் ஆய்வாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். தனியாக எழுதுகிறவர், தமக்குத் தெரியாத துறையில் கிடைத்த நூலை நம்பவேண்டியிருக்கிறது. தட்டிக்கேட்கப் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. இருந்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் நோயாளியிடம் போகிறார்கள். வெகுகாலம் தாங்க மாட்டாள் என்று டாக்டர்கள் சொன்ன லியா, வீட்டாரின் பராமரிப்பிலேயே 2012 வரை இருந்தாள்.

ஃபேடிமன் மருத்துவ எழுத்தாளர் என்ற பலகையை மாட்டிக்கொள்ளவில்லை. வாசிப்பு பற்றி எழுதினார், யேல் பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்கப் போனார். 2017-ல் தம் தந்தை கிளிஃப்டன் ஃபேடிமனைப் பற்றி ஒரு புத்தகம். அவர் ஒயின் பைத்தியம். மகளுக்கோ அது நாக்கில் ஒட்டவேயில்லை. வளர்ப்பா, நாக்கின் அமைப்பா என்று தெரிந்துகொள்ள, சுவை ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்.