கோதுமை சேராத குழந்தையும் நம் வகுப்பறையும்

என் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சீலியாக் நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது. இந்நோயைக் குணப்படுத்த மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் உணவே மருந்து. அக்குழந்தை பகற்பொழுதில் பெரும்பகுதியை நம்மோடு கழிப்பதால், இது நாமும் அறிய வேண்டிய செய்தியாகிறது. அவளுடைய தாயிடம் கேட்டும் நூல்களில் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றைப் பகிர்கிறேன்.

நோய் எது?

கோதுமையில் உள்ள புரதம் குளூட்டன். பார்லியிலும் ரை தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர் இவற்றை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது. சத்துகள் உட்கிரகிக்கப்படாததால் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் தீராத இரத்தசோகை ஆகியவை தோன்றும். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கும்.

நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கேவுக்கு 1930களிலேயே கோதுமை மீது ஐயம் இருந்தது. 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி வந்தபின் மீண்டும் நலிந்ததும் அந்த ஐயத்துக்கு வலுவூட்டின. 1950இல் தம் ஆய்வேட்டில் இதை அவர் விளக்கினார்.

நம் சமையலறை

இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எவற்றிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. தவிர்க்க வேண்டியவை சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, மைதா பிஸ்கட், பிரெட், பார்லி மால்ட் சேர்ந்த சத்துபானங்கள்.

மறைந்திருக்கும் கோதுமையே பெரிய சிக்கல். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் சாம்பாரும் ரசமும்கூட ஆகாமல் போகலாம். சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசை, பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடை, கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்த கேழ்வரகு மாவு ஆகியவையும் அப்படியே. என் மாணவியின் வீட்டில் தனிக் கல், தனிச் சல்லடை வைத்திருக்கிறார்கள். தானியத்தைக் கழுவிக் காயவைத்து மிக்சியிலேயே அரைக்கிறார்கள். பொட்டலப் பொருள் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடலாம் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி.

கேக் ஏன் உதிர்கிறது?

கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் வலைபோல் பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்துவைக்கும். அரிசி மாவில் அந்த வலை இல்லை. இட்லியில் அந்த வேலையைச் செய்வது உளுந்தின் வழவழப்பு. கேக்கில் முட்டையும் இசப்கோலும் கைகொடுக்கும். ஒரு கப் கேழ்வரகு மாவு, அரை கப் அரிசி மாவு, முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, 2 முட்டை, அரை கப் தயிர், கால் கப் எண்ணெய், ஒரு தேக்கரண்டி இசப்கோல், முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைத் தேவையான பாலில் கலந்து, இட்லிப் பானையில் அரை மணி நேரம் வேகவைத்தால் மெத்தென்ற கேக் தயார்.

இதை அறிவியல் வகுப்பிலும் காட்டலாம். கோதுமை மாவு உருண்டையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால், மாவுச்சத்து கரைந்து ரப்பர் போன்ற குளூட்டன் கையில் மிஞ்சும். அரிசி மாவு உருண்டை முழுவதும் கரைந்துவிடும். சீலியாக் உள்ள குழந்தைக்கு அரிசி மாவையே கொடுங்கள். கோதுமை மாவு தூசி பறக்காதபடி மற்றவர்கள் சற்றுத் தள்ளிச் செய்யட்டும்.

நாம் செய்யக்கூடியவை

காலை உணவுத் திட்டப் பட்டியலில் ரவை, கோதுமை ரவை, சேமியா உணவுகளும் உண்டு. எனவே பெற்றோர், தலைமையாசிரியர், சமையலர் மூவரும் ஒருமுறை கூடிப் பேசுவது நல்லது. தனிக் கரண்டியும் கழுவிய தட்டும் போதும். தனி இடத்தில் உட்கார வைக்க வேண்டாம். இது தொற்றுநோய் அன்று.

“ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?” என்று பிறந்தநாள் கேக்கை வற்புறுத்தாதீர்கள். சிறு துணுக்கும் குடலைப் பாதிக்கும். அன்று எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தால் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

ஐயத்துக்குரிய அறிகுறிகளைக் கண்டால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். ஆனால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். உறுதியானபின் உணவை மாற்றினால் பெரும்பாலான குழந்தைகளின் குடல் படிப்படியாக ஆறுகிறது. எடையும் உயரமும் கூடுகின்றன. என் மாணவி இந்த ஆண்டு விளையாட்டுப் பாடவேளையில் முழு நேரமும் ஓடி ஆடுகிறாள்.