விரல் மடங்கும்போது மணிக்கட்டுக்குள் நடப்பது

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலோ தருவைக்குளம் கரையிலோ வலை கட்டுகிறவரின் கையைக் கவனித்தால், மணிக்கட்டு அவ்வளவாக அசையாது. ஓயாமல் ஓடுவது விரல்கள்தான். கிழிந்த கண்ணியைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளிப் பிடிக்கும்; மற்ற விரல்கள் நைலான் நூலை உள்ளங்கைக்குள் மடக்கி இழுத்து முடிச்சை இறுக்கும். ஏற்றுமதிக்கான இறாலை உரிக்கும் பெண்களின் வேலையும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஐஸின் குளிர் மட்டும் கூடுதல். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய், நடுராத்திரியில் எரிச்சலோடு விழிப்பு வந்து, கையை உதறினால்தான் தணியும் என்ற நிலைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள் என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. தவறில்லை, ஆனால் அது பாதி உண்மைதான். மணிக்கட்டு அசையாதிருக்கும்போதே விரல்கள் மணிக்கட்டுக்குள் இருக்கும் கார்பல் டனல் என்ற குடைவின் உட்புறத்தை மாற்றியமைத்துவிடுகின்றன.

அந்தக் குடைவு உள்ளங்கையின் அடியில் இருக்கிறது. எட்டுச் சிற்றெலும்புகள் அதன் தரையும் பக்கச் சுவரும். குறுக்கே ஓடும் தடித்த தசைநார் அதன் கூரை. எலும்பும் விரியாது, கூரையும் பெரிதாக நெகிழாது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. சுண்டுவிரலுக்கான நரம்பு இந்தக் கூரைக்கு வெளியே போவதால்தான் அந்த விரல் பெரும்பாலும் மரத்துப்போவதில்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன; ஆகவே விரல் மடங்கும் ஒவ்வொரு முறையும் நாண்கள் குடைவுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வழுக்கி ஓடியாக வேண்டும். அவை இறுகும்போது நரம்பு பக்கவாட்டில் ஒதுங்கி இடம் விடும். அல்ட்ராசவுண்டில் இதை நேரடியாகவே பார்க்கலாம். நாண்களையும் நரம்பையும் சுற்றியிருக்கும் மெல்லிய இணைப்புத் திசு தடித்துப் போனவர்களிடம் இந்த ஒதுங்கல் குறைந்துவிடுகிறது. நரம்புக்கு நகர இடமில்லாமல் போகிறது.

அதைவிட வியப்பானது லும்ப்ரிக்கல் என்ற நான்கு சிறு தசைகளின் கதை. இவை எலும்பிலிருந்து கிளம்புவதில்லை. உள்ளங்கையில் ஓடும் நாண்களிலிருந்தே கிளம்புகின்றன. விரல்களை நீட்டியிருக்கும்போது உள்ளங்கையோடு நிற்கும் இத்தசைகள், விரல் மடங்க மடங்க நாணோடு சேர்ந்து இழுபட்டுக் குடைவுக்குள் நுழைகின்றன. 1994-ல் காப் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து வெளியிட்டார்கள். ஏற்கெனவே நெரிசலான இடத்துக்குள் கூடுதலாகச் சதை புகுந்தால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? விரல்நுனியை ஒரு பொருளின் மேல் அழுத்தினாலே குடைவின் அழுத்தம் ஏறுவதும், கிள்ளிப் பிடித்தால் இன்னும் ஏறுவதும் அளக்கப்பட்டவை. கெல்பர்மன் குழு 1981-ல் அளந்தபோது, நோயில்லாத கையில் சராசரி அழுத்தம் 2.5 மி.மீ. பாதரசம், நோயுள்ள கையில் 32. சுமார் 30-ஐத் தொட்டாலே நரம்பின் ரத்த ஓட்டமும் வேலையும் தடுமாறத் தொடங்கும்.

அப்படியானால் நாளெல்லாம் கீபோர்டு தட்டுகிறவர்களுக்குத்தானே முதலில் வர வேண்டும் என்று கேட்கலாம். டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 கணினிப் பணியாளர்களிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், கீபோர்டுக்கும் இந்த நோய்க்கும் வலுவான தொடர்பு தென்படவில்லை. இந்த முடிவு என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. தட்டச்சில் விரல் ஓடுகிறது, ஆனால் இறுக்கிப் பிடிப்பதில்லை. அமெரிக்க ஆலைத் தொழிலாளர்களிடம் சில்வர்ஸ்டைன் குழு நடத்தி 1987-ல் வெளியிட்ட ஆய்வில், விசையும் அதிகம், திரும்பத் திரும்பச் செய்வதும் அதிகம் என்ற வேலைகளில் இருந்தவர்களுக்கு, இரண்டும் குறைவாக இருந்தவர்களைவிட நோய்க்கான வாய்ப்பு 15 மடங்கு அளவுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. விரல் அசைவதைவிட, மடங்கிய விரல் விசையோடு அசைவதுதான் கெடுதல். வலை கட்டுவதும் இறால் உரிப்பதும் அந்த வகை.

இன்னொரு மறுப்பு கனமானது: சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், உடல் பருமன் எல்லாம் இதற்குக் காரணமாகும்போது வேலையின் மீது ஏன் பழி போட வேண்டும்? காரணங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை. சர்க்கரையால் நலிந்த நரம்பு, ஆரோக்கியமான நரம்பு தாங்கும் அழுத்தத்தைத் தாங்காது. எனவே சர்க்கரை உள்ள வலைத் தொழிலாளிக்கு விரல் வேலையைப் பற்றிய கேள்வி குறையாது, கூடும்.

விரல்களைக் கவனிப்பதில் நடைமுறைப் பயனும் உண்டு. இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டைகள் பெரும்பாலும் விரல்களைச் சும்மா விட்டுவிடுகின்றன. தூக்கத்தில் முஷ்டி மடங்கினால் லும்ப்ரிக்கல் தசைகள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். விரல்களின் அடி மூட்டையும் சேர்த்து நீட்டிப் பிடிக்கும் பட்டை கூடுதல் பலன் தந்ததாக 2007-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வேலை நேரத்தில் பட்டை கட்டிக்கொண்டு முடிச்சுப் போட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் உரிக்கும் கூடத்தில் கைக்குப் பொருந்தாத பெரிய கையுறையைக் கொடுத்தால், வழுக்கும் இறாலை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். சரியான அளவில் கொடுத்தால் அந்த இறுக்கம் குறையும். அடிக்கடி சில விநாடி விரல்களை முழுக்க நீட்டிவிட்டால் தசை குடைவைவிட்டு வெளியே வரும். மரமரப்பு பகலிலும் தீராமல், கட்டைவிரலின் அடிமேடு சப்பையாகத் தொடங்கிவிட்டால் இதெல்லாம் போதாது. அப்போது நரம்புக் கடத்தல் சோதனையும், தேவைப்பட்டால் கூரையை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையும்தான் வழி.